கந்தோரும் கக்கூசும்

பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

போன கிழமை நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றியது. ஏதோ ஒரு கந்தோரின் மலசலகூடக் கதவு. அதில் ஆண் உருவமும் பெண் உருவமும் பக்கத்துப் பக்கத்தில், கீழே "அனைவருக்கும்" என்று எழுத்து. அதற்கு வந்த பதில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரனின் பழக்கம் என்றார்கள் சிலர், கியாமத்தின் அடையாளம் என்றார்கள் வேறு சிலர். ஒரு சகோதரர் என் பெயரைக் குறிப்பிட்டு, "டீச்சர், நீங்க வரலாறு படிப்பிக்கிறவங்க, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தார். இதோ சொல்கிறேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். நம்மட உம்மாமார் சொல்லும் "கந்தோர்" ஒல்லாந்தச் சொல். "கக்கூசு"ம் ஒல்லாந்தச் சொல்தான். பிரட்ரிக் கோட்டையிலும் ஒஸ்டன்பேர்க்கிலும் இருந்தவர்கள் 1795இல் ஆங்கிலேயரிடம் ஊரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலை செய்யும் இடத்துக்கும் வெளிக்கிருக்கும் இடத்துக்கும் பெயரை மட்டும் நம்மிடம் விட்டுப் போனார்கள். இரண்டையும் அந்நியன் பெயரால் அழைத்துக்கொண்டே எது நம்மட கலாசாரம் என்று சண்டை பிடிக்கிறோம். இது சும்மா ஒரு பக்கக் கதை, கோபிக்க வேண்டாம்.

அடுத்தது, ஆணும் பெண்ணும் ஒரே மலசலகூடத்தைப் பாவிப்பது நமக்குப் புதிதா? வீட்டில் எத்தனை இருக்கிறது? திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு இரவு மெயிலில் போகிறோமே, அந்தப் பெட்டியில் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்றா இருக்கிறது? உம்ராவுக்குப் போகும் விமானத்தில், இஹ்ராம் உடையோடு வரிசையில் நிற்கும் ஹாஜியாருக்கு முன்னால் ஒரு தாத்தா வெளியே வருவார், பின்னால் இன்னொரு தாத்தா நிற்பார். யாரும் பத்வா கேட்டதில்லை. ரயிலில் நாம் முறைப்பாடு சொல்வது தண்ணீர் வரவில்லை, கொண்டி பூட்டவில்லை, நாற்றம் தாங்கவில்லை என்றுதான்.

சரி, நம்ம கடைத்தெருவுக்கு வாருங்கள். புடவைக் கடை, பாதணிக் கடை, பார்மசி, போட்டோ கொப்பிக் கடை. பெரும்பாலானவற்றில் பின்பக்கம் ஒரே ஒரு மலசலகூடம். முதலாளிக்கும் அதுதான், சாமான் இறக்கும் நானாவுக்கும் அதுதான், கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கும் அதுதான். பலகை மாட்டவில்லையே தவிர, "அனைவருக்கும்" என்பது நம்மிடம் எப்போதிருந்தோ நடக்கிறது. அதை அந்தப் பிள்ளையால் பாவிக்க முடிகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் பதிவு அதைப் பற்றித்தான்.

இன்னும் பின்னால் போவோம். ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் ஒன்று புகாரியில் இருக்கிறது. பெரிய ஒரு துயரத்தைப் பற்றிய ஹதீஸ் அது. அதன் நடுவே, போகிற போக்கில் ஒரு சின்னத் தகவல் வரும். வீடுகளுக்குப் பக்கத்தில் கழிப்பிடங்கள் அமைக்கப்படாத காலம் அது. பெண்கள் மதீனாவுக்கு வெளியே அல்மனாஸிஃ என்ற வெளிக்குப் போய் வருவார்கள், அதுவும் இரவில் மட்டும். நான் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் நின்றுவிடுவேன். பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருட்டுக்காகக் காத்திருப்பது அந்தக் காலத்துப் பெண்களின் வாழ்க்கை. காலை எட்டரைக்குக் கடைக்கு வந்து, இரவு வீட்டுக்குப் போய்த்தான் என்று அடக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை இன்றைக்கும் நம்ம வீதியில் இருக்கிறாள்.

வேலைத்தலத்தில் ஆணுக்கு வேறு, பெண்ணுக்கு வேறு என்று பிரித்தது யார்? மார்க்க அறிஞர்கள் அல்ல, தொழிற்சாலைச் சட்டம்தான். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் 1887இல், பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் அவர்களுக்கென்று தனிக் கழிப்பறை வேண்டும் என்று சட்டம் போட்டது. 1920 ஆகும்போது நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களில் அதே மாதிரிச் சட்டம் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஆலைகளுக்கு வந்தார்கள், ஆலைகளோ ஆண்களுக்காகக் கட்டப்பட்டவை, மேற்பார்வை செய்பவனும் ஆண். அந்த நிலையில் தனிக் கதவு என்பது பெண்களுக்கு ஒரு பாதுகாப்பு. அதே நேரம், பெண் பலவீனமானவள், அவளுடைய இடம் வீடுதான் என்ற அந்தக் காலத்து நினைப்பும் அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்தது என்று டெரி கோகன் என்ற சட்டப் பேராசிரியர் எழுதியிருக்கிறார். இரண்டும் உண்மை என்றுதான் எனக்குப் படுகிறது.

பிரித்தானியாவின் 1937ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் இதே விதி. அதை முன்மாதிரியாக வைத்துத்தான் நம் நாட்டின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் எழுதப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் நம்ம துறைமுகத்தில் குண்டு போட்ட அதே 1942. ஆணும் பெண்ணும் வேலை செய்யும் தொழிற்சாலையில் தனித்தனி வசதி வேண்டும் என்பது பொது விதி. பிரித்தானியச் சட்டத்தில் இதற்கு ஒரு விலக்கு உண்டு: ஒரே வீட்டில் வாழும் ஒரே குடும்பத்தார் மட்டும் வேலை செய்யும் இடத்துக்கு இந்த விதி பொருந்தாது. குடும்பத்துக்குள் ஒரு கதவு போதும், அந்நியருக்கு இரண்டு வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் முதலாளிமாரிடம் கேட்டால் "எங்கட கடையில எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி" என்பார்கள். சம்பளம் கூட்டிக் கேட்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள்.

கடை, அலுவலக ஊழியருக்கென்று 1954இல் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கழிப்பிட வசதியும் கழுவும் வசதியும் அதிலும் பேசப்படுகின்றன. ஆக, கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்கு மலசலகூடம் கொடுப்பது முதலாளி செய்யும் தர்மம் அல்ல, எழுபது வருடத்துக்கு முந்திய சட்டக் கடமை.

இப்போது இந்தக் கதையின் மறுபக்கம். தனிக் கதவு பெண்ணைப் பாதுகாத்தது என்றேன். அதே கதவு பெண்ணை வெளியே நிறுத்தவும் பயன்பட்டது. அமெரிக்காவின் யேல் மருத்துவக் கல்லூரி 1916 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. பெண்களுக்கான கழிப்பறை இல்லை என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஹென்றி பார்னம் என்ற பொருளியல் பேராசிரியர், "கட்டும் செலவை நான் தருகிறேன்" என்றார். அவருடைய மகள் லூயிஸ் படிக்கக் காத்திருந்தாள். கதவு திறந்தது. ஒரு தகப்பனின் பணத்தால் தீர்ந்துபோகிற காரணம்தான் அதுவரை எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. அமெரிக்கக் கீழ்ச்சபை மண்டபத்துக்குப் பக்கத்தில் பெண் உறுப்பினர்களுக்கென்று கழிப்பறை வந்தது 2011இல். நம்ம பக்கமும் "பொம்புள புள்ளைகளை எடுக்கலாம்தான், ஆனா வசதி இல்லையே" என்று சொல்லும் கந்தோர்கள் உண்டு. அந்த வசதி என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு மலசலகூடம்தான்.

பொதுவாகப் பாவிப்பது எப்போதும் சமத்துவத்தின் அடையாளம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பர்களை ஒதுக்கி வைத்த காலத்தில், பெற்றோல் நிலையங்களிலும் பஸ் நிலையங்களிலும் மூன்று கதவுகள் இருக்கும்: ஆண்கள், பெண்கள், கறுப்பர்கள். வெள்ளைக்காரருக்குத்தான் ஆண், பெண் என்ற பிரிவு. கறுப்பின ஆணும் பெண்ணும் மூன்றாவது கதவுக்குள் ஒன்றாகப் போக வேண்டும். உங்களுக்கு மானம் எதற்கு என்று அந்தக் கதவு அவர்களைக் கேட்டது. நாசாவின் முன்னோடி ஆய்வகத்தில் 1953இல் கணக்கிடும் வேலைக்குச் சேர்ந்த கேத்தரின் ஜோன்சன் என்ற கறுப்பினப் பெண், பெயர்ப்பலகை இல்லாத கழிப்பறையையே பாவித்துக்கொண்டு போனார். அது வெள்ளைக்காரருக்கானது. கறுப்பருக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு அவர் போகவில்லை. ஒரே மாதிரிப் பொதுக் கதவு விமானத்தில் மரியாதையாக இருக்கிறது, அந்தப் பெற்றோல் நிலையத்தில் அவமானமாக இருந்தது. நம் மலையகத்தில் லயன் வீடுகளின் பொதுக் கழிப்பிடங்களில் வரிசையில் நின்ற தாய்மாருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நம்ம ஊர் வேலைத்தலம் என்றால் பழைய ஆட்களுக்கு டொக்யார்ட்தான். 1957 ஒக்டோபரில் பண்டாரநாயக்க காலத்தில் ஆங்கிலேயர் கையளிக்கும் வரை இந்த நகரத்துக்குச் சோறு போட்டது அது. அடிப்படையில் ஆண்களின் உலகம். யுத்த காலத்தில் ஆங்கிலக் கடற்படையின் பெண்கள் பிரிவினர், 'ரென்ஸ்' என்று அழைக்கப்பட்டவர்கள், இங்கே வந்து கடமை செய்தார்கள். நம்ம வீட்டுப் பெண்களுக்கு வேலைத்தலம் பிறகுதான் வந்தது: பாடசாலை, ஆஸ்பத்திரி, கச்சேரி, வங்கி, பிறகு கடைகள். கட்டடங்களில் பாதி ஆண்களை நினைத்துக் கட்டியவை.

எனக்கு முதல் நியமனம் கிடைத்த பாடசாலையைப் பற்றிச் சொல்கிறேன், எதுவென்று கேட்காதீர்கள். அப்போது கிண்ணியாப் பாலம் இல்லை. 2009இல்தான் திறந்தார்கள். பாதைக்குக் காத்திருந்து, கடந்து, பஸ் பிடித்து வரும் ஆசிரியைகள் விடியற்காலையில் வீட்டை விட்டு இறங்கியவர்கள். பாடசாலையில் ஆசிரியருக்கென்று ஒரே ஒரு மலசலகூடம். பிள்ளைகள் பழுதாக்கிவிடுவார்கள் என்று அதைப் பூட்டி வைப்பார்கள். சாவி அதிபரின் கதிரைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணியில், பெரிய மரத்துண்டு ஒன்றோடு கட்டித் தொங்கும். போக வேண்டுமென்றால் அதிபரின் அறைக்குள் போய், அங்கே உட்கார்ந்திருக்கும் பெற்றோர், வலயக் கல்விக் கந்தோர் ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் கையை நீட்ட வேண்டும். மரத்துண்டோடு வெளியே நடந்து வரும்போது மைதானத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கும் தெரியும், டீச்சர் எங்கே போகிறார் என்று.

அதிபர் நல்ல மனிதர். அவருக்கு அது தோன்றவே இல்லை. ஆண் ஆசிரியர்கள் பாடசாலைக்குப் பின்னால் வளவுக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கும் அது தோன்றவில்லை. நாங்கள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். மாத நாட்களில் லீவு எடுத்தோம். ஒரு ஆசிரியை வயிற்றில் பிள்ளையோடு இருந்தார், அவர் படும் பாட்டைப் பார்த்து நாங்கள் பெண்களுக்குத் தனி மலசலகூடம் கேட்டுக் கடிதம் எழுதினோம். காசு இல்லை என்று பதில் வந்தது. பிறகு மூத்த ஆசிரியை ஒருவர், கணித டீச்சர், நகரத்துக்குப் போகும்போது அந்தச் சாவியைக் கொண்டுபோய் இன்னொன்று வெட்டிக்கொண்டு வந்தார். ஆசிரியர் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டினார். உள்ளே ஒரு மூடி போட்ட வாளியும் வைத்தார். அவ்வளவுதான். மலசலகூடம் அதேதான், பொதுவானதுதான், ஆனால் அடுத்த தவணையிலிருந்து நாங்கள் தண்ணீர் குடித்தோம்.

சாவி யாரிடம் என்ற இந்த விசயம் பெரிய இடங்களிலும் உண்டு. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. ஊர்களிலிருந்து இளம் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் ஆலைகளுக்குப் போனார்கள். சட்டப்படி பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. ஆனால் பல ஆலைகளில் போவதற்கு டோக்கன் வாங்க வேண்டும், நேரம் பார்ப்பார்கள் என்று தொழிலாளர் அமைப்புகள் பல வருடம் போராடின. தனிக் கதவு இருந்தும் பயன் குறைவு.

இனிக் கோழிக்கோட்டுக்குப் போவோம். இப்னு பதூதா இறங்கிய துறைமுகம், நம்மைப் போலக் கடலையும் கடையையும் நம்பி வாழும் ஊர். அங்கே மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அல்வாவுக்குப் பெயர்போன தெரு, இரு பக்கமும் புடவைக் கடைகள். அந்தக் கடைகளில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், முஸ்லிம் பெண்கள் நிறையப் பேர். கழிப்பறை கிடையாது. வீட்டிலிருந்து புறப்படும்போது தண்ணீர் குடிப்பதில்லை, கடையில் நிற்கும்போதும் குடிப்பதில்லை. தாங்க முடியாவிட்டால் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் எதையாவது வாங்கிக் குடித்துவிட்டு அங்குள்ள கழிப்பறையைப் பாவிக்க வேண்டும். அது சம்பளத்தைத் தின்னும். குடித்ததும் திரும்ப முட்டும். சிறுநீர்த் தொற்று, சிறுநீரக நோய் என்று ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

விஜி என்ற தையல் தொழிலாளி அதே தெருவில் வேலை செய்தவர். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். பெரிய கட்சிகளின் தொழிற்சங்கங்கள் அப்போது இதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆண்கள் நடத்தும் சங்கத்தில் எழுந்து நின்று மூத்திரம் போக இடமில்லை என்று எந்தப் பெண் பேசுவாள்? பெண்கூட்டின் ஆரம்பக் கோரிக்கை அதுதான்: கழிப்பறை. அங்கிருந்து அடுத்த கேள்வி வந்தது. பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கிறோமே, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலாவது உட்காரக் கூடாதா? 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டு வாசலில் குந்தினார்கள். மாதக்கணக்கில் நடந்தது. 2018இல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்றது. அதே வருடம் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது. 2021 செப்டெம்பரில் தமிழ்நாடும் அதே மாதிரித் திருத்தம் கொண்டுவந்தது. 2010இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்து அழுதவர்களுக்கு அந்தத் திருத்தம் எதற்காக என்று புரியும்.

இதில் நான் கவனித்த ஒன்று. பெண்கூட்டுப் பெண்கள் பேசியது பலகையில் எந்த உருவம் வரைவது என்பதைப் பற்றி அல்ல. வேலை செய்யும் இடத்தில் ஒரு இடம் வேண்டும், அதற்குப் போனால் திட்டக் கூடாது, இதைத்தான் கேட்டார்கள். ஒரு கதவா இரண்டு கதவா என்ற விவாதம் கதவே இல்லாதவர்களுக்கு எட்டாத தூரத்தில் நடக்கிறது.

அதற்காக அந்த விவாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஜப்பானில் ஒரே வருடம் நடந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். 2023 ஏப்ரலில் டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியில் திறந்த ஒரு உயர்ந்த கட்டடத்தில் ஆண், பெண் எல்லோருக்குமான பொதுக் கழிப்பறை வைத்தார்கள். இரவு விடுதிகள் நிறைந்த பகுதி, குடித்துவிட்டு வரும் ஆட்கள். கைகழுவும் இடமும் நடையும் எல்லோருக்கும் பொது. பெண்கள் பயந்தார்கள், முறைப்பாடுகள் குவிந்தன, நாலு மாதத்துக்குள் எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்களின் பயத்தைப் பிற்போக்கு என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அதே வருடம் ஜூலை 11ஆம் திகதி அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. பொருளாதார அமைச்சில் வேலை செய்யும், ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழும் ஊழியர் ஒருவர், தன் கந்தோர் இருக்கும் மாடியில் போகக் கூடாது, இரண்டு மாடி தள்ளித்தான் பெண்கள் கழிப்பறைக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தார். அது சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். இந்த ஊழியரின் வாழ்க்கைத் தெரிவைப் பற்றி நம்மில் பலருக்குப் பல கருத்து இருக்கும். எட்டு மணித்தியாலம் வேலை செய்யும் ஒரு மனிதர் எங்கே போவது என்ற கேள்விக்கு அந்தக் கருத்து எதுவும் பதில் ஆகாது. நம்ம பிக்ஹு நூல்களைத் திறந்து பாருங்கள். ஆணா பெண்ணா என்று தெளிவில்லாமல் பிறந்த குன்ஸாவைப் பற்றித் தனியாகப் பேசுகிறார்கள். தொழுகையில் அவருடைய வரிசை ஆண்களுக்குப் பின்னால், பெண்களுக்கு முன்னால் என்று இடம் ஒதுக்குகிறார்கள். குன்ஸா வேறு, அந்த ஊழியர் வேறு, தெரியும். ஆனால் அந்த இமாம்கள் யாரையும் பள்ளிக்கு வெளியே நிறுத்திவிட்டு வரிசையைக் கட்டவில்லை.

கபுகிச்சோவில் பிழைத்தது எது, ரயிலிலும் விமானத்திலும் பிழைக்காதது ஏன்? பிரித்தானியாவின் 1992ஆம் ஆண்டு வேலைத்தல விதிகளில் இதற்குப் பதில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அறைகள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு கழிப்பறையும் உள்ளிருந்து பூட்டக்கூடிய தனி அறையாக இருந்தால் பிரிக்கத் தேவையில்லை. கலிபோர்னியாவில் 2017 மார்ச் முதல், ஒருவர் மட்டும் போகும் கழிப்பறை எதுவானாலும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம். மாற்றுத்திறனாளிகளின் கழிப்பறை பல இடங்களில் பிரிவில்லாமல் இருப்பதும் இதனால்தான். சக்கர நாற்காலியில் இருக்கும் உம்மாவை மகன் கூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் அவன் எந்தக் கதவைத் திறப்பான்?

ஆகவே முதலாளிமாரே, நானாமாரே, உங்கள் கடையில் இடம் இருந்தால் இரண்டு கட்டுங்கள், அல்லாஹ் பரக்கத் செய்வான். ஒன்றுதான் இருக்கிறது என்றால் அந்த ஒன்றைக் கொஞ்சம் பாருங்கள். கதவு நிலம் வரை வருகிறதா, சுவர் கூரை வரை போகிறதா? கொண்டி உள்ளே இறுகப் பூட்டுகிறதா? குழாயில் தண்ணீர், கழுவ ஒரு வாளி, ஒரு கோப்பை இருக்கிறதா? தண்ணீர் இல்லாத மலசலகூடத்தில் நமக்குத் தொழுகைக்குத் தேவையான சுத்தமே இல்லை. நப்கின் போட மூடி உள்ள ஒரு வாளி, உடுப்பையும் பையையும் மாட்ட ஒரு ஆணி, எரிகிற ஒரு பல்ப். ஆண்கள் போனபின் தண்ணீர் ஊற்றிவிட்டு வர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதை முதலில் நீங்கள் செய்யுங்கள். சாவியைக் கல்லாப்பெட்டிக்குள் வைக்காதீர்கள். பெட்டிகளையும் பழைய பொம்மைகளையும் மலசலகூடத்துக்குள் அடுக்காதீர்கள். அங்கே போகும் வழி களஞ்சிய அறைக்குள்ளால், ஆட்கள் படுத்திருக்கும் இடத்துக்குள்ளால் என்றால் வழியை மாற்றுங்கள். ஒரு பிள்ளை அங்கே போகத் தயங்குவதற்கு அந்த நடைபாதையே காரணமாக இருக்கலாம்.

கடைகளில், கந்தோர்களில், பாடசாலைகளில் வேலை செய்யும் தாத்தாமாரும் தங்கச்சிமாரும் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். கடையின் பெயரும் உங்கள் பெயரும் வேண்டாம். எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், மலசலகூடம் எத்தனை, சாவி எங்கே இருக்கிறது, இந்த மூன்றை மட்டும் எழுதினால் போதும். வருகிற மாதம் பெருநாள் வியாபாரம் தொடங்குமுன் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நாங்கள் நாலைந்து ஆசிரியைகள் கடைத்தெருவுக்குப் போகப் போகிறோம்.